கல் பொறுக்காதவனுக்கு முதல் பாதி கிடையாது

போன வாரம் ஒரு பொண்ணு போன் பண்ணினா. புதுசா வேலைக்குச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியை. "டீச்சர், எனக்கு ஆம்பளைப் பசங்க ஹாக்கி டீமைக் குடுத்துட்டாங்க. நீங்க அந்தக் காலத்துலயே ஆம்பளைங்க டீமுக்கு கோச்சா இருந்தீங்களாமே, எப்படி சமாளிச்சீங்க?"ன்னு கேட்டா. "நான் எங்க சமாளிச்சேன், அவனுங்கதான் என்னைச் சமாளிச்சானுங்க"ன்னேன். சிரிச்சுட்டு, "சீரியஸா சொல்லுங்க டீச்சர்"ன்னா. எழுதி அனுப்புதேன்னு சொல்லி வச்சேன். எழுத உக்காந்த பிறகுதான் தெரியுது, இதுல சீரியஸான விஷயம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு முன்னால கொஞ்சம் வம்பு பேசிக்கிடுதேன். ரிட்டையர் ஆனவளுக்கு வேற என்ன வேலை.

நான் இடைசெவல்காரி. கரிசக்காட்டுல பருத்தி எடுத்துக்கிட்டிருந்த பிள்ளை நல்லா ஓடுதாளேன்னு பள்ளிக்கூடத்துல கண்டுபிடிச்சு, உடற்கல்விக் கல்லூரிக்கு அனுப்பி, அங்க ஸ்டிக்கைப் பிடிக்கப் படிச்சு, கோவில்பட்டியில ஒரு பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணமும் அந்த ஊர்லயே. எங்க வீட்டுக்காரர் தபால் ஆபீஸ்ல இருந்தார். அவருக்கு ஹாக்கியும் ஒண்ணுதான், கபடியும் ஒண்ணுதான். ஆனா அவர் தம்பி செல்வம் அப்படி இல்லை. ஊரறிஞ்ச சென்டர் ஹாஃப். நடுவுல நின்னு பந்தைப் பறிச்சு முன்னால குடுக்கிற இடம் அது. எங்க ஊர்ல ஸ்டிக்கைத் தொடாதவன்கூட ஹாக்கியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவான். அப்படிப்பட்ட ஊர்ல செல்வத்துக்கு டீக்கடையில டீ இலவசம்.

அவன் கேப்டனா இருந்த கிளப்புக்கு ஒரு கோச் இருந்தார். தொண்ணூறுகளுக்கு நடுவுல ஒரு நாள் அவரை வேற மாவட்டத்துக்கு மாத்திட்டாங்க. டோர்னமெண்ட் சீசன் நெருங்குது, கோச் இல்லை. அந்த வருஷம் எங்க பள்ளிக்கூடப் பொண்ணுங்க மாவட்டத்துல ஜெயிச்சிருந்தாங்க. அதனால கிளப் செயலாளர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. தங்கமான மனுஷன். ஆனா அடுத்த வீட்டுப் பொம்பளை முகத்தைப் பார்த்துப் பேசுறது மரியாதை இல்லைன்னு வளர்ந்தவர். அதனால எங்கிட்ட சொல்ல வேண்டியதை எல்லாம் பக்கத்துல நிக்கிற கணக்குப்பிள்ளைகிட்ட சொல்லுவார்.

"கணக்குப்பிள்ளை, டீச்சர் காப்பி குடிக்காகளான்னு கேளும்."

கணக்குப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "காப்பி குடிக்கீகளா?"

"குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"குடிச்சிட்டுத்தான் வந்தாகளாம் அண்ணாச்சி."

எங்க மூணு பேருக்கும் நடுவுல ஒரு மேஜைதான். நான் பேசுறது அவருக்குக் கேக்காம இல்லை. இருந்தாலும் கணக்குப்பிள்ளை வாயில புகுந்து வந்தாத்தான் அது பேச்சு.

"கணக்குப்பிள்ளை, ஒரு சார் கிடைக்கிற வரைக்கும் நம்ம பயலுகளைக் கொஞ்சம் பாத்துக்கிட முடியுமான்னு கேளும். ஒரு சார் கிடைக்கிற வரைக்கும்தான்."

நான் சரின்னேன். கணக்குப்பிள்ளையும் சரின்னார். அப்படி ஆரம்பிச்சது. ஒரு நாள் கணக்குப்பிள்ளை சாத்தூர் போயிட்டார். அண்ணாச்சி கிரவுண்டுக்கு வந்தார், ஏதோ சொல்லணும், ஆள் இல்லை. சுத்திமுத்திப் பார்த்துட்டு, கிரவுண்டை நிரவுற இரும்பு உருளையைப் பார்த்து, "கார்னர் பயிற்சி பத்தாதுன்னு எனக்குப் படுது"ன்னார். நானும் உருளையைப் பார்த்தே, "மழை விட்ட பிறகு கூட்டிக் குடுக்கலாம்னு இருக்கேன்"னேன். நல்ல உருளை, குறுக்க பேசலை.

இனி டீம். முதல் நாள் நான் போய் நின்னப்ப யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கலை. மில்லு வேலை, கடை வேலை, தீப்பெட்டி ஆபீஸ் வேலைன்னு பாக்கிறவனுங்க, பாதிப் பேர் கல்யாணம் ஆனவனுங்க. செல்வம் மட்டும் சிரிச்சுக்கிட்டே, "ஏலே, இது எங்க மதினி. சேட்டை பண்ணாதீங்க, அப்புறம் எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது"ன்னான். எல்லாரும் சிரிச்சானுங்க. மதினின்னா எங்க பக்கத்துல கேலி பேசுற முறை. அண்ணன் பொண்டாட்டியைக் கொழுந்தன் எவ்வளவு வேணும்னாலும் வாரலாம், அவளும் பதிலுக்கு வாரலாம். ஆனா அவ சொன்ன சொல்லைக் கேக்கணும்னு அந்த முறையில எங்கயும் இல்லை. அங்கதான் எனக்குச் சிக்கல்.

நான் முதல்ல ஸ்டிக்கைத் தொடச் சொல்லலை. வாளியை எடுக்கச் சொன்னேன்.

எங்க கிரவுண்டு அடியில கரிசல், மேல சரள் மண்ணு போட்டது. வெயில்ல கரிசல் வெடிக்கும், மழையில உப்பும். ரெண்டுலயும் அடியில கிடக்கிற கல்லு மேல வந்துடும். வேகமா வர்ற பந்து ஒரு கடலை அளவு கல்லுல பட்டாப் போதும், எகிறி முகத்துக்கு வரும். பழைய கோச் மாசத்துக்கு ஒரு தடவை கூலிக்கு ஆள் விட்டுக் கூட்டுவார். நான் தினமும் காலையில ஆறு மணிக்கு டீமையே நிறுத்தினேன். இந்தக் கோட்டுல எல்லாரும் கை நீட்டுற தூரத்துல வரிசையா நிக்கணும். தலையைக் குனிஞ்சு, கையில வாளியோட, எதிர்க் கோடு வரைக்கும் மெதுவா நடக்கணும். யாரும் யாரையும் முந்தக் கூடாது. கண்ணுல படுற கல்லு எல்லாம் வாளிக்குள்ள. அப்புறம் கோல் முன்னால இருக்கிற வட்டத்தைத் துடைப்பத்தால கூட்டி, தண்ணி தெளிச்சு, சுண்ணாம்புக் கோடு போடணும்.

துடைப்பத்தைப் பார்த்ததும் கோல் கீப்பர், "கோலமும் போடணுமா டீச்சர்?"ன்னான்.

"போடு பாப்போம். உனக்குப் புள்ளி வைக்கவே வராது"ன்னேன்.

கல் பொறுக்குறதுல இன்னொரு லாபம் உண்டு, அதை நான் அவனுங்ககிட்ட சொன்னதே இல்லை. குனிஞ்சு நடக்கிறவன்கிட்ட எல்லாம் தெரிஞ்சிடும். எவனுக்கு முட்டி வலி, எவன் ராத்திரி குடிச்சான், எவன் பொண்டாட்டிகூட சண்டை போட்டுட்டு வந்திருக்கான், எல்லாம் அந்த நடையில தெரியும். அன்னைக்கு எவனை எப்படி வேலை வாங்கணும்னு நான் அங்கயே முடிவு பண்ணிடுவேன்.

பத்து நாள்ல பாதிப் பேர் வர்றதை நிறுத்திட்டானுங்க. நான் எல்லாரையும் உக்கார வச்சு, "நான் ஒரு விதி போட்டா பொம்பளை போட்ட விதிம்பீங்க. நீங்களே போடுங்க, நானும் கட்டுப்படுதேன்"னேன். செல்வம் எழுந்தான். மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. "காலையில ஆறு மணிக்குக் கல் பொறுக்க வராதவன், எவனா இருந்தாலும், காரணம் எதுவா இருந்தாலும், அடுத்த மேட்ச்ல முதல் பாதி வெளிய உக்காரணும். கோச் வரலைன்னா, கோச் அந்த மேட்ச்சுக்கே வரக் கூடாது"ன்னான். எல்லாரும் கையைத் தூக்கிட்டானுங்க. பரவாயில்லையே, பயலுக்குப் பொறுப்பு வந்துடுச்சேன்னு நான் அசட்டுத்தனமா சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் விடியுமுன்ன எங்க மாமியார் என்னை எழுப்பினாங்க. "ஏட்டி, கடம்பூர்ல இருந்து எங்க சித்தி மக்க வாராக. அடைக்கு ஆட்டணும். கரண்ட் இல்லை, ஆட்டுக்கல்லுலதான் ஆட்டணும்." சொல்லும்போதே அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அந்தப் பக்கம் செல்வம் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி பல் விளக்கிக்கிட்டு நிக்கான். அப்பதான் எனக்கு விளங்கிச்சு. கோச் வரலைன்னா கோச் மேட்ச்சுக்கு வரக் கூடாதுன்னு ஏன் சேர்த்தான்னு. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து திட்டம் போட்டிருக்காக.

கொல்லைக்குப் போனேன். கொடியில செல்வம் விளையாடப் போட்டுக்கிடுற ஒரே டிரவுசர் காய்ஞ்சுக்கிட்டிருந்தது. எடுத்து சோப்புத் தண்ணியில முக்கி வச்சுட்டு, ஆட்டுக்கல் முன்னால வந்து சாவகாசமா உக்காந்தேன்.

"மதினி, என் டிரவுசர் எங்க?"

"துவைக்கப் போட்டிருக்கேன்பா."

"அது துவைச்சதுலா?"

"சரியா வெளுக்கலை. ஆட்டி முடிச்சதும் அலசித் தாரேன்."

அவன் ஆட்டுக்கல்லைப் பார்த்தான், அரிசியைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். துண்டைக் கட்டிக்கிட்டு என் எதிர்ல உக்காந்தான். ஊரே கொண்டாடுற சென்டர் ஹாஃப் குழவியைப் பிடிச்சுச் சுத்த, நான் மாவைத் தள்ளி விட்டேன். அத்தை வாசப்படியில நின்னு, "ஏலே, நீ ஏம்லே ஆட்டுத?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஈர டிரவுசரோட அவன் சைக்கிளை மிதிக்க, நான் பின்னால கேரியர்ல உக்காந்து, ரெண்டு பேரும் ஆறு மணிக்குள்ள போய்ச் சேர்ந்தோம். அதுக்குப் பிறகு கடம்பூர் சொந்தக்காரங்க யாரும் அவ்வளவு காலையில வரலை.

இதுல ஒரு நல்லது, விதி நிலைச்சு நின்னுடுச்சு. அதுல முதல்ல மாட்டினது மாரியப்பன். மில்லுல வேலை பார்த்த பையன், செல்வத்துக்கு மாத்தா ஆடுறவன், அதிகம் பேச மாட்டான். ஒரு நாள் வர்ற வழியில சைக்கிள் பஞ்சர், தள்ளிக்கிட்டே வந்தான், நேரம் தப்பிடுச்சு. அடுத்த மேட்ச் எங்க ஊர்லயே. செல்வத்துக்குக் காலு சரியில்லாததால மாரியப்பன்தான் முதல்ல இறங்கணும். அவன் ஆடுறதைப் பாக்க மாமனார் வீட்டுல இருந்து ஒரு கூட்டமே பஸ் ஏறி வந்திருந்தது. எனக்கே மனசு கேக்கலை. "பஞ்சருக்கு அவன் என்ன செய்வான்"னு செல்வத்துகிட்ட சொன்னேன். "காரணம் எதுவா இருந்தாலும்னு சொல்லியிருக்கோம்லா மதினி. விதின்னா விதி"ன்னான். மாரியப்பன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு முதல் பாதி பூரா பெஞ்சுல உக்காந்திருந்தான். மாமனார், "மாப்பிள்ளை எப்ப இறங்குவாக?"ன்னு ரெண்டு தடவை கேட்டு விட்டார்.

அந்த சீசன்ல கயத்தாறு பக்கம் ஒரு டோர்னமெண்ட். நான் டீமோட பெஞ்சுக்குப் போனா, கமிட்டிக்காரர் ஓடி வந்து, "லேடீஸுக்குத் தனியா சேர் போட்டிருக்கும்மா, அங்கன உக்காருங்க"ன்னார்.

"நான்தான் கோச்."

"சரிம்மா, கோச்சோட வீட்டுக்காரம்மாவா? நல்லது. அங்கன உக்காருங்க."

செல்வம் பக்கத்துல நின்னு விழுந்து விழுந்து சிரிக்கான். சண்டை போட்டா மேட்ச் நின்னு போகும். நான் குடையை எடுத்துக்கிட்டுப் பொம்பளைங்க கூட்டத்துல போய் உக்காந்தேன். நல்லதாப் போச்சு. ஹாக்கியில பாதி கோல் பெனால்டி கார்னர்லதான் விழும். கோட்டுல இருந்து ஒருத்தன் பந்தைத் தள்ளி விடுவான், வட்டத்து விளிம்புல ஒருத்தன் நிறுத்துவான், இன்னொருத்தன் அடிப்பான். நேரா அடிக்கவா, பக்கத்துல தட்டி விட்டு அடிக்கவான்னு வெளிய இருந்து ஒருத்தர் சொன்னா நல்லது, எதிராளிக்குத் தெரியாம சொல்லணும். குடையை விரிச்சா நேரா, மடக்கினா தட்டி விட்டுன்னு பேசி வச்சோம். குடை பிடிச்ச பொம்பளையை எவன் சந்தேகப்படுவான்.

ரெண்டு கோல் அப்படிப் போட்டோம். மூணாவது கார்னருக்கு நான் குடையை மடக்கிக் கையில வச்சிருக்கேன். பக்கத்துல கைப்பிள்ளையோட உக்காந்திருந்த அம்மா, "பிள்ளைக்கு வெயில் அடிக்கு, குடையை இங்கன கொஞ்சம் குடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே வாங்கி விரிச்சுட்டா. அங்க செல்வம் நேரா அடிச்சான். நான் தலையில கை வச்சுக்கிட்டேன். பந்து கீப்பர் காலுக்கு நடுவுல போய் கோல். மேட்ச் முடிஞ்சு, "கடைசி கோல்ல கலக்கிட்டீங்க மதினி"ன்னான். "அதெல்லாம் அனுபவம்பா"ன்னேன். அந்தக் கைப்பிள்ளைக்கு இப்ப முப்பது வயசு நெருங்கும். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

இனிமேதான் அந்தச் சீரியஸான விஷயம்.

அடுத்த வருஷம் எங்க ஊர் டோர்னமெண்ட்ல ஃபைனலுக்கு வந்துட்டோம். எதிர்ல தூத்துக்குடி டீம். ஒரு பெரிய அரசு நிறுவனத்து டீமுக்கு ஆள் எடுக்க சென்னையில இருந்து செலக்டர் ஒருத்தரை வர வைக்க அண்ணாச்சி ஏற்பாடு பண்ணியிருந்தார். விளையாட்டுக் கோட்டாவுல வேலை. அவர் வர்றதே செல்வத்தைப் பாக்கத்தான். செல்வத்துக்கு வயசு ஏறிக்கிட்டிருந்தது, கடையில மூட்டை எடுத்து வச்சுக்கிட்டு எத்தனை நாள் இருப்பான். பொண்ணு பேசின இடத்துலயும் மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லையேன்னு இழுத்துக்கிட்டிருந்தாங்க. எங்க வீட்டுல அந்த வாரம் பூரா இதே பேச்சு. அத்தை மூணு கோயில்ல நேர்ந்துக்கிட்டாங்க.

ஃபைனல் அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு வரிசையா நின்னோம். செல்வம் இல்லை. பாதி கிரவுண்டு நடந்தோம், அவன் இல்லை. கல் பொறுக்கி, கூட்டி, கோடு போட்டு முடிச்ச பிறகு சைக்கிள்ல வேகமா வந்தான். சட்டையில ரோஜாப்பூ இதழ் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சிதான் மதினி, செலக்டர் சாருக்கு மாலை போட்டு லாட்ஜுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி ஸ்டேஷனுக்கு அனுப்பினாக. ரயில் லேட்டு. நான் சொன்னேன், காலையில கிரவுண்டு இருக்குன்னு. 'உன் மதினிதானலே, அவ என்ன சொல்லப் போறா'ன்னுட்டாக."

"சரி"ன்னேன்.

"சரின்னா?"

"சரின்னா என்னன்னு உனக்கே தெரியும்."

டீம் மொத்தமும் வாளியைக் கையில வச்சுக்கிட்டு எங்களைப் பார்த்தானுங்க. மாரியப்பன் மட்டும் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். செல்வம் என் முகத்தைப் பார்த்தான். கேலிக்குச் சொல்லுதேனான்னு தேடினான். இல்லைன்னு தெரிஞ்சதும் சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.

சாயங்காலம் கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். செல்வம் வந்தான், உடுப்பு மாத்தினான், பெஞ்சுல எனக்குப் பக்கத்துல உக்காந்தான். மாரியப்பன் அவன் இடத்துல இறங்கினான். செல்வம் பெஞ்சுல இருக்கிறதைப் பார்த்ததும் கூட்டம் கத்த ஆரம்பிச்சது. மேடையில செலக்டர் பக்கத்துல இருந்த அண்ணாச்சி கணக்குப்பிள்ளையை விரட்டி விட்டார்.

"டீச்சர், செல்வத்தை இறக்கச் சொல்லுதாக."

"முதல் பாதி முடியட்டும்னு சொல்லுங்க."

போனார், திரும்ப வந்தார். "அண்ணாச்சி கோவமா இருக்காக."

"முதல் பாதி முடியட்டும்."

மூணாவது தடவை, கணக்குப்பிள்ளை பின்னால வர, அண்ணாச்சியே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்துட்டார். அத்தனை காலத்துல முதல் தடவையா என் முகத்தை நேராப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு அறிவு இருக்கா? அவர் பாதியிலேயே கிளம்புதார். திருநெல்வேலியில வேற ஆட்டம் பாக்கணுமாம். இப்ப இறக்கலைன்னா பய வாழ்க்கை போச்சு. உன் வீட்டுப் பிள்ளைதானே அவன்?"

பாதியில கிளம்புவார்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. செல்வத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கிரவுண்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான், தாடை இறுகி இருக்கு. "மதினி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன செய்திருப்பேன்னு எனக்குத் தெரியலை. அவன் சொல்லலை. அங்க மாரியப்பன் மூச்சு வாங்க ஓடிக்கிட்டிருக்கான். அவன் மாமனார் வீட்டு ஆட்கள் முன்னால தலையில துண்டைப் போட்டு உக்காந்தவன். அன்னைக்கு பஞ்சருக்கு உண்டான விதி, இன்னைக்கு என் கொழுந்தனுக்கு இல்லைன்னா, நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட வாளியை எடுக்கச் சொல்லுவேன்?

நான் அண்ணாச்சியைப் பார்க்காம கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "கணக்குப்பிள்ளை, முதல் பாதி முடியட்டும்னு அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க"ன்னேன்.

பாவம் கணக்குப்பிள்ளை. பழக்க தோஷத்துல, "முதல் பாதி முடியட்டுமாம் அண்ணாச்சி"ன்னுட்டார். அண்ணாச்சி அவரை முறைச்ச முறைப்பு இருக்கே, அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

பாதி முடிஞ்ச விசில் அடிச்சப்ப நாங்க ஒரு கோல் பின்னால. மேடையில செலக்டர் எழுந்து கைகுடுத்துட்டு கார்ல ஏறிட்டார். செல்வம் அந்தக் கார் கேட்டைத் தாண்டுற வரைக்கும் பார்த்தான். அப்புறம் ஸ்டிக்கை எடுத்துக்கிட்டு இறங்கினான். அன்னைக்கு அவன் ஆடின மாதிரி நான் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. ரெண்டு கார்னர், ரெண்டும் கோல். ஜெயிச்சோம். ஆனா ஒருத்தனும் குதிக்கலை. கப்பு வாங்கக் கேப்டனைக் கூப்பிட்டப்ப அவன் மாரியப்பனைத் தள்ளி விட்டுட்டு வெளிய போயிட்டான். அந்தக் கோட்டா வேலையும் பிறகு மாரியப்பனுக்குத்தான் கிடைச்சது. அவன் முதல் பாதியில ஆடினது செலக்டருக்குப் பிடிச்சுப் போச்சாம்.

வீட்டுக்கு வந்தா அத்தை கூடத்துல உக்காந்திருக்காங்க. "என் பிள்ளை சோத்துல மண்ணைப் போட்டுட்டியே"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டு, "நீ செய்தது சரிதான். ஒரு அரை மணி நேரம் தப்பு செய்திருக்கலாம்"னார். நான் அடுப்படியில உக்காந்து அழுதேன். சரியா தப்பான்னு அழலை. சரின்னுதான் அன்னைக்கும் நினைச்சேன், இன்னைக்கும் நினைக்கேன். சரியானதைச் செய்தா இவ்வளவு வலிக்கும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலையேன்னு அழுதேன்.

மறுநாள் காலையில கிரவுண்டுக்குப் போனேன். கால் இழுத்துக்கிட்டுப் போச்சு. டீம் வந்திருந்தது. கொஞ்ச நேரத்துல அண்ணாச்சி கார் வந்தது. கூட ஒருத்தர் இறங்கினார். புது டிராக் சூட், கழுத்துல விசில், கறுப்புக் கண்ணாடி. எனக்குப் புரிஞ்சு போச்சு. கடைசியில ஒரு சார் கிடைச்சுட்டார்.

"இன்னையில இருந்து இவர்தான் கோச்"னு அண்ணாச்சி சொல்லிக்கிட்டிருக்கும்போது செல்வம் வந்தான். சைக்கிளைச் சாத்திட்டு, யார்கிட்டயும் ஒண்ணும் கேக்காம ஒரு வாளியை எடுத்து அந்த சார் கையில குடுத்தான்.

"இது எதுக்கு?"ன்னார் அவர்.

"கல் பொறுக்க. நாங்க வரிசையா நிக்கோம், நீங்க நடுவுல நில்லுங்க சார்."

"இதுக்கெல்லாம் ஆள் இல்லையா?"

செல்வம் வாளியைத் திரும்ப வாங்கிக்கிட்டான். "இவர் வேண்டாம் அண்ணாச்சி"ன்னான்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்து போச்சு. "ஏலே, கூறுகெட்டவனே, உன் வேலையைக் கெடுத்தவளுக்கா பரிஞ்சு பேசுத?"

"பரிஞ்சு பேசலை அண்ணாச்சி. எனக்கு வயிறு எரியுது. ஆனா அவிய சொந்தக் கொழுந்தனையே உக்கார வச்சாக. நாளைக்கு உங்க மகன் ஆட வந்து கல் பொறுக்கலைன்னா அவனையும் உக்கார வைப்பாக. இந்த சார் வைப்பாரா?"

அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார், டீமைப் பார்த்தார். எல்லாரும் வாளியோட கோட்டுல நின்னுட்டானுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு கார் ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுத் திரும்பிப் போச்சு.

செல்வம் எனக்குப் பக்கத்துல வந்து நின்னான். யாருக்கும் கேக்காம, "சந்தோஷப்பட வேண்டாம் மதினி. என் வேலையைக் கெடுத்தது நீங்க. எனக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் உங்களை எங்கயும் போக விட மாட்டேன்"னான்.

"பேச்சு போதும், குனிஞ்சு பொறுக்கு"ன்னேன். என் கண்ணுக்கு ஒரு கல்லும் தெரியலை.

அவனுக்கு வேலை கிடைக்க ரெண்டு சீசன் ஆச்சு. அந்த ரெண்டு சீசனும் கிரவுண்டுல என்கிட்ட பேசுவான், கேலி பண்ணுவான், கார்னருக்குச் சண்டை போடுவான். வீட்டு வாசப்படியைத் தாண்டிட்டா ஒரு வார்த்தை கிடையாது. நான் சோறு போட்டா சாப்பிட மாட்டான், அத்தைதான் போடணும். நானும் கெஞ்சலை. அவனை விடாம வேலை வாங்கினேன், எங்கெங்க செலக்டர் வாரார்னு கேள்விப்பட்டாலும் அங்க டீமைக் கூட்டிட்டுப் போனேன். வேற ஒரு நிறுவனத்துல அவனை எடுத்தாங்க.

வேலை ஆர்டர் தபால்ல வந்த அன்னைக்கு அத்தை கோயிலுக்கு ஓடினாங்க. நான் அடுப்படியில நின்னேன். செல்வம் உள்ள வந்தான், தட்டை எடுத்துக் கழுவினான், என் முன்னால தரையில உக்காந்தான்.

"மதினி, பசிக்கி. சோறு போடுங்க"ன்னான்.

போட்டேன்.